கைக்குழந்தைக்காக இன்ஜினியரிங் எடுத்த அம்மா

ஏ. லலிதா, நம்ம லலிதாம்மா பத்தி எங்க பாத்தாலும் "இந்தியாவோட முதல் பெண் இன்ஜினியர்கள்ல ஒருத்தர்"னு ஒரே வரில முடிச்சுடறாங்க. எனக்கென்னமோ அவங்க ஒரு அம்மாவா உக்காந்து போட்ட கணக்குதான் பெருசா தெரியுது.

1919ல பொறந்தாங்க, சென்னைல வளர்ந்த தெலுங்குப் பொண்ணு. 15 வயசுல கல்யாணம், 18 வயசுல புருஷன் போயிட்டார், கைல நாலு மாசக் குழந்தை. அந்தக் காலத்துல தலையை மழிச்சு மூலைல உக்கார வச்சிருப்பாங்க, இவங்க என்னடான்னா குயின் மேரிஸ் காலேஜ்ல சேர்ந்து இன்டர்மீடியட் (இப்போதைய ப்ளஸ் டூ மாதிரி) ஃபர்ஸ்ட் கிளாஸ். அடுத்து டாக்டருக்குப் படிக்கலாம், ஆனா நடுராத்திரி கூப்பிட்டா குழந்தையைப் போட்டுட்டு ஓடணுமே, அது ஒத்துவராது, காலைல போய் சாயந்தரம் திரும்புற வேலைதான் வேணும்னு முடிவு பண்ணிட்டாங்க. அப்பா சுப்பாராவ் கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்லயே எலெக்ட்ரிக்கல் ப்ரொஃபசர், பிரின்சிபால் சாக்கோகிட்ட பேசி அனுமதி வாங்கிட்டார் (இப்படி ஒரு அப்பா அமையறதும் கொடுப்பினைதான்).

1940ல அங்க எலெக்ட்ரிக்கல் சேர்ந்தாங்க, அவ்ளோ பசங்களுக்கு நடுவுல ஒத்தப் பொண்ணு. பசங்க தொல்லை கொடுக்கலையாம், ஹாஸ்டல்ல பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாததுதான் கஷ்டம். குழந்தை கூடப்பொறந்தவர் வீட்ல, வாரக்கடைசில போய்ப் பாத்துட்டு வருவாங்க. அப்புறம் காலேஜ்ல பொண்ணுங்களும் சேரலாம்னு விளம்பரம் கொடுக்க, தெரேசியா, லீலாம்மா ஜார்ஜ்னு ரெண்டு பேர் சிவிலுக்கு வந்தாங்க. படிப்பு முடிச்சப்போ வந்த சர்டிஃபிகேட்ல "அவன்"னு இங்கிலீஷ்ல அச்சடிச்சிருந்ததை பேனாவால அடிச்சு "அவள்"னு எழுதிக் கொடுத்திருக்காங்க, பொம்பளைக்குன்னு தனியா ஃபார்மே கிடையாது பாருங்க.

ஜமால்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்ல பயிற்சி, சிம்லாவுல கவர்மென்ட் வேலை, கடைசில கல்கத்தாவுல ஏ.இ.ஐ (அசோசியேட்டட் எலெக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ்)ங்கிற பிரிட்டிஷ் மின்சாதனக் கம்பெனி. கல்கத்தா ஏன்னா, அங்க சகோதரர் குடும்பம் இருந்துச்சு, மகளைப் பாத்துக்க ஆள் இருக்கும். அங்க இருந்துதான் பக்ரா நங்கல் அணையோட மின்சார லைன் டிசைன்லயும் வேலை பாத்தாங்க. 1964ல நியூயார்க்ல நடந்த முதல் சர்வதேச பெண் இன்ஜினியர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கும் போனாங்க. மறுகல்யாணம் பண்ணிக்கவே இல்ல. 1979ல, 60 வயசுல போயிட்டாங்க.

கிண்டில எலெக்ட்ரிக்கல் படிச்சவங்க யாராச்சும் இதைப் படிச்சா சொல்லுங்க, உங்க கிளாஸ்ல ஒரு தடவையாவது இவங்க பேரைச் சொல்லியிருக்காங்களா?