2,491 வினவல்கள் ஏழாயின: வீட்டு நூலகச் செயலி, மூன்றாம் கட்டம்

வீட்டு நூலகச் செயலியின் முழுப் பட்டியல் பக்கம் நேற்று இரவு முதன்முறையாகக் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. போன வாரம் வரை அதே பக்கத்திற்கு ஒன்பது நொடிகள் ஆயின. சின்னக் கணினி, மெமரி கார்டிலிருந்து இயங்குகிறது, வேகம் இவ்வளவுதான் வரும் என்று பல நாள் எண்ணியிருந்தேன். குறை கார்டில் இல்லை, நான் எழுதிய நிரலில்தான் இருந்தது.

பைத்தான் நிரல்மொழி, அதிலிருந்து தரவுத்தளத்தைக் கையாள உதவும் எஸ்கியூஎல்அல்கெமி 2.0, எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம் ஆகியவற்றைக் கொண்டு எழுதியது இது. ‘நூல்’, ‘எழுத்தாளர்’, ‘பதிப்பகம்’, ‘இரவல்’ என நான்கு கிளாஸ்கள் உள்ளன; ஒவ்வொன்றும் தரவுத்தளத்தின் ஓர் அட்டவணைக்கு ஈடு. பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை அப்படியே ஏற்றுக்கொள்வதால் எல்லாவற்றுக்கும் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன். இதுவரை 1,200 நூல்களை ஏற்றியிருக்கிறேன்.

அனுப்பும் ஒவ்வொரு கட்டளையையும் காட்டும் ‘எக்கோ’ அமைப்பை இயக்கி, தரவுத்தளத்திற்குப் போகும் வினவல்களை, அதாவது தரவு கேட்கும் கட்டளைகளை, ஒரு கோப்பில் பதிந்து எண்ணிப் பார்த்தேன். நூல்களை எடுக்க ஒன்று, எழுத்தாளர்களுக்காக நூலுக்கு ஒன்று வீதம் 1,200, இரவல்களுக்காக இன்னொரு 1,200. இவை போக மேலும் 90 இருந்தன. என்னிடமுள்ள பதிப்பகங்களின் எண்ணிக்கையும் 90 என்று தெரிந்த பிறகே காரணம் புரிந்தது. ஒரு பதிப்பகத்தை ஒருமுறை எடுத்துவிட்டால், செஷன் (தரவுத்தளத்தோடு பேசும் எஸ்கியூஎல்அல்கெமியின் பகுதி) அதை முதன்மைச் சாவியோடு (ஒவ்வொரு வரிசைக்கும் உரிய தனி அடையாளம்) நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த நூலும் அதே பதிப்பகத்தைக் கேட்டால் தரவுத்தளத்திடம் போவதே இல்லை. ஒரு நூலின் இரவல்களுக்கு அப்படிச் செய்ய வழியில்லை, ஏனெனில் அவை எத்தனை, எவையெவை என்பது தரவுத்தளத்தைக் கேட்காமல் தெரியாது.

முதலில் எழுத்தாளர், இரவல் இரண்டுக்கும், தொடர்புள்ள தரவையும் அதே வினவலில் இணைத்து எடுக்கும் ஜாயின்ட்லோட் கொடுத்தேன். உடனே ‘யூனிக்’ செயற்கூற்றை அழைத்தே ஆக வேண்டும் என்று பிழைச்செய்தி வந்தது. அதைச் சேர்த்தவுடன் பக்கமும் திறந்தது. நான் அங்கேயே நின்றிருப்பேன். ஆனால் அந்த ‘யூனிக்’ எதற்கு என்ற கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால், அதே வினவலை எஸ்கியூலைட்டில் நேரடியாக இயக்கினேன். திரையில் ஒரே சிறுகதைத் தொகுப்பின் பெயர் பக்கம் பக்கமாக ஓடியது. அத்தொகுப்பில் 34 எழுத்தாளர்கள். அது 12 முறை இரவல் போயிருக்கிறது. இரண்டு பட்டியல்களையும் ஒரே வினவலில் இணைத்ததால் ஒவ்வோர் எழுத்தாளரும் ஒவ்வோர் இரவலோடும் சேர்ந்து, ஒரு புத்தகத்திற்கு மட்டும் 408 வரிசைகள் வந்திருந்தன. அத்தனையையும் வாங்கி, மீண்டும் ஒரே ஆப்ஜெக்டாக மடக்குவதில்தான் நேரம் போயிருக்கிறது.

செலக்ட்இன்லோடுக்கு மாறியதும் இந்தச் சிக்கல் அடியோடு தீர்ந்தது. அது நூல்களின் முதன்மைச் சாவிகளை 500 500 ஆகத் திரட்டி, ஒரு தொகுதிக்கு ஒரு வினவல் அனுப்புகிறது. 1,200 நூல்களுக்கு எழுத்தாளர்கள் மூன்று வினவல்களிலும் இரவல்கள் மூன்று வினவல்களிலும் வந்துவிடுகின்றன. ஒரு நூலுக்கு ஒரு பதிப்பகமே என்பதால் அங்கே வரிசைகள் பெருகாது. ஆகவே பதிப்பகத்திற்கு மட்டும் ஜாயின்ட்லோடை வைத்துக்கொண்டேன். மொத்தம் ஏழு. இனி மறதியால் பழைய நிலைக்குத் திரும்பிவிடக் கூடாது என்று, எழுத்தாளர், இரவல் ஆகிய இரண்டு உறவுகளிலும், தரவை எப்போது எப்படி எடுப்பது என்று சொல்லும் ‘லேசி’ என்பதற்கு ‘ரெய்ஸ்’ (பிழை எழுப்பு) என்று அமைத்துவிட்டேன். முன்கூட்டி எடுக்காத பட்டியலைத் தொட்டால் இப்போது சத்தமில்லாமல் வினவல் போகாது, பிழை வந்து நிற்கும். இதை முதல் நாளே செய்திருந்தால் ஒரு மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

பார்கோடு ஸ்கேனரைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். யூஎஸ்பியில் செருகினால் விசைப்பலகை போலவே எண்ணைத் தட்டச்சு செய்துவிடுவதால் தனியாக நிரல் எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை. ஆனால் நூல்களுக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை முதன்மைச் சாவியாக வைக்க நினைப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம். என் தாத்தாவின் அலமாரியில் உள்ள 1950, 60-களின் பதிப்புகளில் அந்த எண்ணே கிடையாது. அடுத்து இதழ்களையும் சேர்க்க வேண்டும். ‘நூல்’, ‘இதழ்’ இரண்டுக்கும் பொதுவான தாய் கிளாஸ் ஒன்றை எழுதி, இரண்டையும் ஒரே அட்டவணையில் வைக்கவே மனம் சாய்கிறது. தனித்தனி அட்டவணைகள் பார்க்க அழகாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அவற்றை இணைக்க ஒரு ஜாயின் கூடும்.

அதற்கு முன்பு முடிக்க வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. இருமுறை ஏறிவிட்ட சில நூல்களை நான் செயலி வழியாக நீக்காமல் எஸ்கியூலைட்டின் கட்டளை வரியில் நேரடியாக நீக்கியிருந்தேன். இல்லாத நூலை ஓர் இரவல் சுட்டக் கூடாது என்பது போன்ற அயல் சாவி விதியை எஸ்கியூலைட் தானாக அமல்படுத்துவதில்லை. ஒவ்வோர் இணைப்பிலும் அதற்குரிய பிராக்மாவை (எஸ்கியூலைட்டின் தனிக் கட்டளையை) இயக்க வேண்டும். செயலியில் இணைப்பு உருவாகும்போதே அது இயங்கும்படி எழுதியிருந்த நான், கட்டளை வரியில் மறந்துவிட்டேன். சரிபார்க்கும் பிராக்மாவை இயக்கியபோது நூலில்லாத மூன்று இரவல்கள் சிக்கின. இரண்டை என் குறிப்பேட்டைப் பார்த்துச் சரிசெய்துவிட்டேன். மூன்றாவதில் தேதியும் சித்தப்பாவின் பெயரும் மட்டுமே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் எந்தப் புத்தகம் என்று கேட்டு வர வேண்டும்.