ஆர்.வி.-6 காக்பிட்டை என் உடம்புக்கு ஏற்ப மாற்றிய கதை

நான் வாங்கிய வேன்ஸ் ஆர்.வி.-6 விமானத்தை அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டுக் கராஜிலேயே கட்டியிருந்தார். வேலைப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அவர் ஆறடிக்கு மேல் உயரம், நான் ஐந்தடி ஐந்து அங்குலம். வால் சக்கர விமானம் என்பதால் தரையில் மூக்கு ஏற்கெனவே தூக்கிக்கொண்டு நிற்கும், அதில் நான் உட்கார்ந்தால் ஓடுபாதையே தெரியாது, பெடலும் சரியாக எட்டாது. முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து இரண்டு மாதம் ஓட்டினேன். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். டேக் ஆஃபில் வலது பெடலை நன்றாக மிதிக்க வேண்டிய நேரத்தில் தலையணை அமுங்கி, உடம்பு பின்னால் போய், கால் பாதிதான் எட்டியது. அன்றைக்கு இறங்கியதும் முடிவு செய்துவிட்டேன்.

வீட்டில் கட்டிய விமானம் அங்கே 'எக்ஸ்பெரிமென்டல்' வகையில் வரும். தொழிற்சாலையில் தயாரான செஸ்னா விமானத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனி அனுமதி வேண்டும், இதற்குத் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம். ஆனால் வருடாந்திரச் சோதனையில் கையெழுத்துப் போட, கட்டியவர் எடுத்த ரிப்பேர்மேன் சான்றிதழோ, ஏ அண்ட் பி (விமான உடல், இன்ஜின் பராமரிப்பு) உரிமம் உள்ள மெக்கானிக்கோ என்று உரிய தகுதி வேண்டும். அதனால் திருகாணியைத் தொடும் முன்பே என் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

எனக்கு முதலில் ஸ்டிக்கை, அதாவது விமானத்தைத் திருப்பும் கைத்தண்டை, இரண்டு அங்குலம் வெட்ட வேண்டும் என்றிருந்தது. பிடி உயரமாக இருந்ததால் முழங்கை அந்தரத்தில் தொங்கும், ஆர்.வி. விரல் நுனி அசைவுக்கே திரும்புகிற விமானம், கையை ஊன்ற இடம் இல்லாவிட்டால் காற்று குலுக்கும்போதெல்லாம் நாமே அதை ஆட்டிவிடுவோம். மெக்கானிக் "வெட்டாதீங்க, முதல்ல சீட்டை முடிங்க" என்று மட்டும் சொன்னார்.

சரி என்று அட்டையும் பிளைவுட் துண்டுகளும் அடுக்கி, கண் எந்த உயரத்தில் இருந்தால் மூக்குக்கு மேல் பார்க்க முடிகிறது, தலைக்கும் கண்ணாடிக் கூரைக்கும் எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்று ஹேங்கரில் மூன்று மாலை உட்கார்ந்து பார்த்தேன். மெத்தைக்கு டெம்பர் ஃபோம் வாங்கினேன். 1966-இல் நாசாவுக்காக சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் உருவாக்கிய வகை இது. சாதாரண பஞ்சு மெத்தை மோதலில் சட்டென்று அமுங்கித் திருப்பி உதைக்கும், முதுகெலும்புக்கு நல்லதல்ல. இது வேகமாக அழுத்தினால் இறுகும், மெதுவாக அழுத்தினால் இளகும். குளிர்காலக் காலையில் மட்டும் பலகை மாதிரி இருக்கும், உடம்புச் சூடு ஏறியதும் சரியாகிவிடும்.

மெத்தை உயர்ந்ததும் தொடையும் உயர்ந்தது, முன்கை தானாகத் தொடைமேல் உட்கார்ந்தது. ஸ்டிக்கை ஒரு மில்லிமீட்டர்கூட வெட்டவில்லை! ஆனால் வேறு தொல்லை வந்தது. சாய்மானத்தைத் தரையில் உள்ள முன் கீலுக்கு மாற்றியிருந்தேன், இப்போது ஸ்டிக்கை முழுசாகப் பின்னால் இழுத்து இடது பக்கம் சாய்த்தால் முஷ்டி தொடையில் முட்டியது. மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொடுகிற இறக்கத்துக்கு அந்தக் கடைசி அங்குலம் வேண்டும். மெத்தையின் முன்பகுதியைச் சரிவாகச் சீவினேன். பெல்ட் மாட்டி, குளிர் ஜாக்கெட் போட்டு, நான்கு மூலைக்கும் ஸ்டிக்கைக் கொண்டுபோய்ப் பார்த்த பிறகுதான் உறை தைக்கக் கொடுத்தேன்.

பெடல்களை ஒரு அங்குலம் பின்னால் நகர்த்தி, ரடர் (வாலில் உள்ள திசைத் துடுப்பு) கேபிளை இணைக்கும் பட்டையை அதற்கேற்பக் குறுக்கினோம். அப்புறம் டிரிம் சுவிட்ச் உள்ள புதுப் பிடி. ஸ்டிக்கை விடாமல் இழுத்துப் பிடிக்காமலே மூக்கை ஒரே நிலையில் வைக்க உதவுவதுதான் டிரிம். அதில் ஒயரை நான் மாற்றி இணைத்துவிட்டேன். மூக்கைத் தூக்கும் பக்கம் அழுத்தினால், எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) பின்விளிம்பில் உள்ள டிரிம் டேப் என்ற சிறு தகடு கீழே போக வேண்டும், மேலே போனது. தரையிலேயே கண்ணில் பட்டது. இதைப் பறக்கும் முன் எலிவேட்டர் பக்கத்தில் நின்று ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும், காக்பிட்டில் உட்கார்ந்தபடி தெரியாது.

நான் உட்காரும் இடமே முன்னால் வந்துவிட்டதால் எடைச் சமநிலையைத் திரும்பக் கணக்குப் போட்டு, லாக் புத்தகத்தில் எழுதி, முதலில் தனியாகத்தான் பறந்தேன். போன வாரம் இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓட்டினேன், முதுகு வலிக்கவே இல்லை.

வலது இருக்கையை இன்னும் தொடவில்லை. அதில் உட்காரப் போகிற என் மனைவி ஐந்தடி ஒன்று. அட்டைத் துண்டுகளை ஹேங்கரில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.