தும்மட்டி, மே மாதம்

மே 3
ராமநாதபுரம் பக்கத்து மணலில் பறித்த ஆற்றுத்தும்மட்டி இன்றைக்குத்தான் முழுசாகக் காய்ந்தது. விதையை நீக்கிச் சதையை மட்டும் அரைத்தேன். 184 கிராம். தார் பாலைவனத்திலும் சகாராவிலும் வெறும் மணலில் படர்ந்து கிடக்கிற கொடி, இந்தக் கசப்பு இல்லாவிட்டால் கண்ட மிருகமும் மேய்ந்து தீர்த்திருக்கும். மூன்று தடவை கை கழுவியும் ராத்திரி சோறு கசந்தது. ஆய்வக ஃப்ரிட்ஜ் ரிப்பேர், டப்பா வீட்டில்.

மே 5
அப்பாவுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 212. மாத்திரையை விழுங்குகிறாரா, தலையணைக்கு அடியில் வைக்கிறாரா தெரியவில்லை.

மே 6
50 கிராம் எடுத்துக்கொண்டு போய், சாறு இறக்குகிற கண்ணாடிக் கருவியான சாக்ஸ்லெட்டில் போட்டேன். மெத்தனால் 65 டிகிரியை எட்டுவதற்குள் கொதித்துவிடும், அந்த ஆவி மேலே குளிர்ந்து திரும்பச் சொட்டினால்தான் பொடியிலிருந்து சாறு இறங்கும், ஆனால் மதியம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே சுடுகிறது, அதை வைத்து எதைக் குளிரவைக்க? மீன்கடையில் ஐஸ் வாங்கி வாளியில் போட்டு மோட்டாரால் சுற்றவிட்டேன். ஆய்வகம் பூராவும் அயிரை வாசனை.

மே 8
அப்பாவுக்கு வயிறு சரியில்லை. மோர் கொடுத்தேன்.

மே 9
ராத்திரி ரத்தமாகப் போயிற்று. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி. சட்டைப் பையில் ஒரு பொட்டலம், வெளிறிய மஞ்சள் பொடி. நாக்கு நுனியில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. தினமும் காலையில் அரை ஸ்பூனாம். கடையில் வாங்கினாராம். "சர்க்கரைக்கு நல்லதுன்னாங்க. நீயும் இதைத்தானே தாயி வச்சுப் படிக்கிற, கெட்டதுன்னா விடுவாங்களா?" பேதிக்கு, அதுவும் அளந்து கொடுத்த மருந்து இது. இதன் கசப்புப் பொருளான குக்கர்பிட்டாசின் குடலைப் புண்ணாக்கும் என்று ஆய்வுச் சுருக்கத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன், ஆங்கிலத்தில். வீட்டில் ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை.

மே 10
டப்பாவில் 134 இருக்க வேண்டும். 129 இருக்கிறது.

மே 11
பறந்தது, ஸ்பூனில் ஒட்டியது எல்லாம் சேர்த்தாலும் ஐந்து கிராம் வராது. தராசைச் சரிபார்த்தேன். 129.

மே 12
அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். ட்ரிப்ஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரத்தம் நின்றுவிட்டது, அந்தப் பொடியைத் தொடாமல் இருந்தால் போதும் என்றார் டாக்டர்.

மே 14
பொட்டலத்தில் இருந்ததையும் என் பொடியையும் கலவையைப் புள்ளி புள்ளியாகப் பிரித்துக் காட்டுகிற ஒரே சிலிக்கா தட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டேன். 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் பச்சைத் தட்டில் கறுப்புப் புள்ளிகள், இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில். சரி, ஒரே செடி. கடையில் விற்பதும் இதே செடிதானே? எந்த டப்பா என்று தட்டு சொல்லாது.

மே 15
வீட்டுக்கு வந்துவிட்டார். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, "அந்த டப்பா எங்க தாயி?" என்று கேட்டார்.