5 வோல்ட் எங்கே விழுந்தது: கெப்பின் ஈசியூ மாற்றிய அனுபவம்

கொழும்பு ஆமர் வீதியில் எங்களுக்கு ஒரு சின்ன ஹார்ட்வெயார் கடை. கண்டி, மாத்தளைப் பக்கம் சாமான் ஏற்றுவது 2008ஆம் ஆண்டு டபுள் கெப் ஒன்றில்தான். கொமன் ரெயில் டீசல் எஞ்சின், அதாவது டீசல் தெளிப்பதை ஈசியூ என்கிற கம்ப்யூட்டர் பெட்டி கட்டுப்படுத்துகிற வகை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு இருக்கிற வண்டியை ஓடவைத்துக்கொள்வது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய பாடாக இருந்தது. அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த கெப், ஒருநாள் பகல் இரண்டு மணி வெயிலில் பேஸ்லைன் வீதி சிக்னலில் நின்றவாக்கில் அணைந்துபோனது.

செல்ப் அடித்தால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. தள்ளி ஓரங்கட்டி, அரை மணி நேரம் கழித்துத் திறப்பைத் திருப்பினால் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. அடுத்த வாரம் களனிப் பாலத்துக்கிட்ட அதே கதை. காலையில் எவ்வளவு தூரம் ஓடினாலும் பிரச்சினை இல்லை, மத்தியானச் சூட்டில்தான் நிற்கும்.

முதலில் போன கராஜில் டீசல் பில்டர் மாற்றினார்கள். பிறகு கிராங்க் சென்சர், அதற்குப் பிறகு பம்பில் இருக்கிற வால்வு. 62,000 ரூபா போனது, கெப் நின்றுகொண்டேதான் இருந்தது. ஒவ்வொரு முறையும் ஸ்கேனர் காட்டிய ‘கோட்’ என்கிற பழுது இலக்கத்தைப் பார்த்து, அதில் பெயர் வந்த சாமானை மாற்றினார்களே தவிர, ஒருவரும் வோல்ட் அளக்கிற மீட்டரைக் கையில் எடுக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அது.

மருதானைப் பக்கம் வயரிங் வேலை செய்கிற நானா ஒருவரிடம் மச்சான்தான் கூட்டிப்போனார். நானா ஸ்கேனரைக் கொழுவிக் கோட் இலக்கங்களைக் கடதாசியில் எழுதினார். பி0192, ரெயில் பிரஷர் சென்சர் லோ. பி0107, காற்றழுத்த சென்சர் லோ. பி2122, எக்சிலரேட்டர் பெடல் லோ. கடைசியில் பி0642.

“தம்பி, மூணு சென்சரும் ஒரே நாள்ல சாகுமா? மூணுக்கும் ஈசியூல ஒரே எடத்துலருந்துதான் 5 வோல்ட் போகுது. அந்த 5 வோல்ட் விழுதுன்டுதான் இந்தக் கடைசிக் கோட் சொல்லுது” என்றார்.

அப்போதும் ஈசியூதான் என்று அவர் முடிவுகட்டவில்லை. பெட்டரியின் நெகட்டிவ் முனையில் மீட்டரின் ஒரு வயரையும் எஞ்சின் புளொக்கில் மற்றதையும் வைத்துக்கொண்டு என்னைச் செல்ப் அடிக்கச் சொன்னார். மீட்டரில் 0.08 வோல்ட். இவ்வளவு குறைவென்றால் எர்த் நல்லா இருக்கிறது. மெயின் ரிலே, பியூஸ், ஈசியூவுக்கு வரும் 12 வோல்ட் எல்லாம் சரி. இது கெட்டிருந்தால் நல்ல ஈசியூகூடப் பழுதான மாதிரித்தான் நடக்கும். இதைப் பார்க்காமல் பெட்டியை மாற்றி ஏமாந்த வண்டிகள் நிறைய என்றார்.

பிறகு பெடல் சொக்கட்டில் மீட்டர் ஊசியைச் செருகிவிட்டு எஞ்சினை ஓடவிட்டோம். 4.98. நாற்பது நிமிடம் இரண்டு பேரும் அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தோம். 4.9, 4.6, பிறகு சடாரென்று 3.2. எஞ்சின் நின்றது. இவ்வளவு நாளாக நான் தேடித் திரிந்த பேயை அந்தச் சின்னத் திரையில் கண்ட மாதிரி இருந்தது.

சூடு ஆறுவதற்குள் நானா சென்சர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஏதாவது ஒன்று உள்ளுக்குள் ஷோர்ட் ஆகியிருந்தால் அதைக் கழற்றியதும் வோல்ட் ஏற வேண்டும். ஏறவில்லை. ஈசியூ சொக்கட்டில் அந்த 5 வோல்ட் பின்னைத் தனியாக வெளியே இழுத்து, வயரிங்கையே விலக்கிப் பார்த்தார். பெட்டியின் வாயிலேயே குறைவு. அடுத்த நாள் காலை, எஞ்சின் பச்சைத் தண்ணியாக இருக்கும்போது, தலைமுடி காயவைக்கிற டிரையரால் ஈசியூவை மட்டும் சூடாக்கினார். பத்து நிமிடத்தில் 5 வோல்ட் விழுந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

பெட்டி டேஷ்போர்டில் இடப்பக்கம், குளோவ் பொக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. பெட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சிறிது நேரம் விட்டுத்தான் அதில் கைவைத்தார். இன்ஜெக்டருக்குப் போகிற மின்சாரம் பெட்டரியைவிடப் பல மடங்கு வோல்ட்டில் உள்ளே தேங்கி நிற்கும். திறந்தால் போர்டின் ஒரு மூலையில் பச்சைக் களிம்பு. ஏசி தண்ணீர் போகிற குழாய் அழுக்கில் அடைத்து, தண்ணீர் திரும்பி வந்து பெட்டியின் மேல் சொட்டியிருக்கிறது. அந்தப் பக்கத்துக் கால்மிதி எப்போதும் ஈரமாக இருந்ததை நான் மழைத் தண்ணீர் என்று நினைத்திருந்தேன். களிம்பு போர்டின் அடுக்குகளுக்குள் இறங்கிவிட்டதால் ஈயம் வைத்துச் சரிப்படுத்தினாலும் நிற்காது என்றார்.

வேறு பெட்டி தேடி, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் மூன்று நாள் நடந்தேன். ஸ்டிக்கரில் உள்ள நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துவர வேண்டும். கியர் வகை மாறினால், எஞ்சின் அமைப்பு கொஞ்சம் மாறினால் அந்தக் கடைசி இலக்கங்கள் மாறும். “ஒரே வண்டிதான், வேலை செய்யும்” என்று இரண்டு கடையில் சொன்னார்கள். வாங்கவில்லை. மூன்றாம் நாள் சரியான நம்பரில் ஒரு ரீகண்டிஷன் பெட்டி கிடைத்தது, 85,000 ரூபா. பில்லில் அந்த நம்பரையும், ஏழு நாள் செக்கிங் வாரண்டி என்பதையும் எழுதித் தரச் சொல்லி வாங்கினேன்.

கொழுவியதும் எஞ்சின் பிடித்தது, இரண்டு செக்கனில் அணைந்தது. திறப்புப் படம் போட்ட லைட் மின்னியது. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. நானா அதை எதிர்பார்த்தே இருந்தார். வேறு வண்டியின் பெட்டி என்பதால், திருட்டைத் தடுக்கிற இம்மொபிலைசர் என் திறப்பை அடையாளம் காணவில்லை. பழைய போர்டில் எட்டுக் கால் உள்ள சின்ன மெமரிச் சில்லு ஒன்று. அதைச் சூடான காற்றால் கழற்றி, புரோகிராமரில் வைத்து மூன்று தரம் படித்தார். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்திய பிறகுதான் புதிய பெட்டிக்குள் எழுதினார். அதற்கு முன், வாங்கிவந்த பெட்டியில் இருந்ததையும் ஒரு பிரதி எடுத்துவைத்தார். இந்த முறை கெப் ஸ்டார்ட் ஆகி நின்று ஓடியது.

இன்னொன்று மிச்சம் இருந்தது. ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு கோட் பொறித்திருக்கும். எந்த இன்ஜெக்டர் எவ்வளவு டீசல் கூடக் குறையத் தெளிக்கும் என்பதை அதை வைத்துத்தான் ஈசியூ கணக்குப் பார்க்கிறது. நாங்கள் டோர்ச் அடித்து வாசித்து ஸ்கேனரில் ஒப்பிட்டோம். இரண்டாம் இன்ஜெக்டரின் கோட் ஒத்துவரவில்லை. போன வருடம் வேறிடத்தில் அதை மாற்றியவர்கள் புதிய கோடைப் பதியவே இல்லை. ஒரு வருடமாக ஐட்லிங்கில் கேட்ட டொக் டொக் சத்தத்துக்கு அதுதான் காரணம். சரியான கோடை அடித்து, எஞ்சின் சூடாகிக் கற்றுக்கொள்ள விட்டதும் சத்தம் அடங்கியது.

ஏசிக் குழாயைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, பெட்டிக்கு மேல் ரப்பர் தகடு ஒன்று வைத்தோம். அந்த மாதமே புகைச் சோதனைக்குப் போனேன், பாஸ். வருமான அனுமதிப்பத்திரமும் கிடைத்தது.

போன வெள்ளிக்கிழமை கண்டிக்குச் சீமெந்து ஏற்றிக்கொண்டு போனேன். கடுகண்ணாவை ஏற்றத்தில் உச்சி வெயில், வண்டி நிறையப் பாரம். மேலே ஏறி ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் பெடல் சொக்கட்டில் மீட்டரை வைத்தேன். 4.99. பக்கத்துக் கடையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்து திரும்பவும் பார்த்தேன். அதே நம்பர்.