கனகபுரத்து வீடும் எங்கள் கிறிப் அறிக்கையும்

2025 ஜனவரி 16, வியாழன்

கிளிநொச்சி கனகபுரத்தில் ஒரு வீடு விலைக்கு வருகிறது. ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரின் வீடு. பிள்ளைகள் வெளிநாட்டில், அவவும் போகப்போகிறா. கால் ஏக்கர் காணி, இரண்டு அறை, கட்டுக்கிணறு, ஆறு தென்னை. 42 இலட்சம் சொல்கிறா. என் மனுசன் வீட்டைப் பார்க்க முதல் கிணற்றை எட்டிப் பார்த்தார். "இப்ப மாரி முடியிற நேரம், தண்ணி மேலதான் நிக்கும். ஆடியில எங்க நிக்குமெண்டு அயலில கேப்பம்" என்றார்.

2009 இலிருந்து எண்ணிப் பார்த்தால் நான் பதினொரு கூரைக்குக் கீழே இருந்திருக்கிறேன். அதில் இரண்டு தறப்பாள். விசுவமடுவில் அம்மாவுக்கு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சத்துக்குக் கட்டின வீடு இருக்கிறது, அது தம்பிக்கு. எங்களுக்கென்று ஒன்று வேண்டும். கையில் 12 இலட்சம் இருக்கிறது. 25 இலட்சமாவது வங்கியில் எடுக்க வேண்டும்.

சங்கத்தில் என்னோடு வேலை செய்கிற பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டுக்கடன் எடுக்க நினைக்கிறார்கள். நடப்பதை நடக்க நடக்க எழுதி வைக்கிறேன், அவர்களுக்கும் உதவும்.

ஜனவரி 20, திங்கள்

வங்கிக்குப் போனோம். வீட்டுக்கடன் பகுதியில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை, தமிழில் ஆறுதலாகச் சொன்னா. சம்பளச் சிட்டை, வங்கிக் கணக்குக் கூற்று, காணி உறுதி, நில அளவைப் படம், பிரதேச சபையின் கட்டட அனுமதி, வீதிக்கோட்டுச் சான்றிதழ் எல்லாம் வேண்டுமாம். "ஆனா அக்கா, முதல் கிறிப் எடுத்துப் பாப்பம். அது சரியெண்டாத்தான் மிச்சத்துக்கு நீங்கள் அலையலாம்."

கிறிப் என்று எல்லாரும் சொல்வது கொழும்பில் இருக்கிற கடன் தகவல் பணியகத்தை. 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. வங்கிகளும் லீசிங், நிதிக் கம்பனிகளும் யார் எவ்வளவு எடுத்தார், எப்படிக் கட்டுகிறார் என்று அங்கே அறிவிக்கும். எங்கள் பக்கம் "அவனைக் கிறிப்பில போட்டுட்டாங்கள்" என்று கறுப்புப் பட்டியல் மாதிரிக் கதைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்படி ஒரு பட்டியல் அங்கே இல்லை. ஒழுங்காகக் கட்டினதும் அதில் இருக்கும், பிந்தினதும் இருக்கும். கொடுப்பதா விடுவதா என்று முடிவெடுப்பது வங்கி.

கடனுக்கு விண்ணப்பிக்காமல் என்னுடைய அறிக்கையை நானே முதலில் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். பார்க்கலாம், கட்டணம் கட்டினால் சரி என்றா. அடையாள அட்டைப் பிரதி கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 24, வெள்ளி

அறிக்கை வந்தது. வங்கி வாசல் மரத்தடியில் நின்றே பிரித்தேன்.

புள்ளி 250 இலிருந்து 900 வரை. கூடக்கூட நல்லது. எனக்கு 500ஐக் கொஞ்சம் தாண்டி ஒரு எண். கீழே நான் எடுத்த கடன்கள் வரிசையாக, பக்கத்தில் மாதங்கள் சின்னச் சின்னக் கட்டங்களாக. பிந்தின மாதத்தில் எத்தனை நாள் பிந்தியது என்று இருக்கிறது. என்னுடைய மோட்டார் சைக்கிள் லீசிங் முழுக்கச் சுத்தம், அதைப் பார்க்க நெஞ்சு நிறைந்தது. அதற்குக் கீழே இரண்டு வரி என்னைப் பிடித்துக்கொண்டது.

முதலாவது, 2016 இல் எடுத்த குழுக்கடன். நிலுவை 2,400 ரூபா. எட்டு வருசத்துக்கு முதல் நான் கட்டி முடித்த கடன்!

இரண்டாவது நான் எடுத்ததே இல்லை. மச்சாளின் புருசன் 2021 இல் எடுத்த ஓட்டோ லீசிங். அதில் நான் பிணையாளி. இரண்டு தவணை நிலுவை, 41,000.

பிணைக்குக் கையெழுத்துப் போட்டது எனக்கு நினைவிருக்கிறது. மச்சாள் வீட்டு விறாந்தையில், தேத்தண்ணிக் கோப்பையை ஒதுக்கி வைத்துவிட்டு, லீசிங் கம்பனித் தம்பி விரலால் காட்டின நாலு இடத்திலும் போட்டேன். ஒரு பக்கமும் வாசிக்கவில்லை. அது என் பெயரில் ஒரு கடனாக எழுதப்பட்டு நாலு வருசமாக அங்கே கிடக்கிறது.

ஜனவரி 25, சனி. இரவு

அலுமாரிக்கு மேலே இருந்த பிஸ்கற் ரின்னை இறக்கினேன். குழுக்கடன் அட்டை இருந்தது. மஞ்சள் மட்டை, மடிப்பில் கிழிந்து ரேப் ஒட்டியிருக்கிறது. 52 கட்டம். ஒவ்வொன்றிலும் 1,200, பக்கத்தில் வசூலிக்க வருகிற தம்பியின் சின்னக் கையெழுத்து. 51 ஆம், 52 ஆம் கட்டங்களில் மை நிறம் வேறு, கையெழுத்தும் வேறு. அந்தக் கடைசி இரண்டு கிழமையும் வேறு ஒருவர் வந்தவர். அந்தக் காசு கம்பனிக்குப் போய்ச் சேரவில்லை போல.

அந்தக் கடனைப் பற்றி எழுதத்தான் வேண்டும். 50,000 தந்தார்கள். வருசத்துக்கு 24 வீதம்தான் என்றார்கள். 52 கிழமை 1,200 படி 62,400 கட்டினோம். கிழமைக்குக் கிழமை கடன் குறைந்துகொண்டு வந்தும் வட்டி முழு 50,000 க்கும் கடைசிவரை ஓடினது. குறைகிற மீதிக்கு வட்டி போடுகிற முறையில் கணக்குப் பார்த்தால் அது 45 வீதம் வருகிறது. இன்றைக்குத்தான் கல்குலேற்றரில் தட்டிப் பார்த்தேன். ஐந்து பெண்கள் ஒரு குழு, ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்ட வேண்டும். எங்களில் ஒருத்தி வெளிநாடு போக, அவவின் பங்கை நாங்கள் பகிர்ந்து கட்டினோம். செவ்வாய்க்கிழமை விடிந்தால் வயிறு கலங்கும். 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 இலட்சம் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் சொன்னது. அது நிலுவை விழுந்தவர்களுக்கு. பட்டினி கிடந்து ஒழுங்காகக் கட்டினவர்களுக்கு அதனால் ஒன்றும் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

அந்தக் கம்பனிக் கிளைக்குப் போனேன். கிறிப் தானாக ஒன்றையும் மாற்றாது, தகவல் கொடுத்த நிறுவனம்தான் திருத்தி அனுப்ப வேண்டும். ஆகவே இங்கேதான் நிற்க வேண்டும்.

முதலில் "2,400 தானே, கட்டிவிடுங்கோ" என்றார்கள். கட்டினேனென்றால் அவ்வளவு காலமும் நான் கட்டாமல் இருந்தேன் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அட்டையை மேசையில் வைத்தேன். முகாமையாளர் நிமிர்த்திப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோய் நிறைய நேரம் இருந்தார். கடைசியில் கடிதம் எழுதித் தரச் சொன்னார். அட்டையின் இரண்டு பக்கப் பிரதியையும் இணைத்துக் கொடுத்தேன், என்னுடைய பிரதியில் திகதி முத்திரை குத்துவித்தேன். அட்டையைக் கொடுக்கவில்லை. வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன்.

பெப்ரவரி 2, ஞாயிறு

மச்சாள் வீடு. போகிற வழியெல்லாம் என்ன சொல்லித் தொடங்குவதென்று யோசித்தேன்.

"மச்சாள், நான் சண்டைக்கு வரேல்ல. இதை ஒருக்காப் பாருங்கோ" என்று அறிக்கையை நீட்டினேன். அவ பார்த்துவிட்டு அழத் தொடங்கிவிட்டா. அண்ணை முற்றத்தில் ஓட்டோவைத் துடைத்துக்கொண்டு நின்றவர் உள்ளே வந்து தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். வாகன இறக்குமதி நின்ற காலத்தில் பழைய ஓட்டோவையே ஆன விலைக்கு வாங்கினவர். அடுத்த வருசம் பெற்றோல் இல்லை. 2022 ஜூனில் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறினது, அதுவும் வரிசையில் நாள்கணக்காகக் கிடந்து. ஓடாத ஓட்டோவுக்குத் தவணை மட்டும் ஓடினது. அன்றைக்கு விழுந்த இரண்டு தவணையை அவரால் இன்றுவரை எட்டிப் பிடிக்க முடியவில்லை.

"உம்மட பேரிலயும் விழுமெண்டு எனக்குச் சத்தியமாத் தெரியாது, பிள்ளை. தெரிஞ்சிருந்தா நான் நகையை அடைவு வைச்சாவது கட்டியிருப்பன்."

எனக்கும் தெரியாதுதானே. நெல் வெட்டி முடிய நிலுவையைக் கட்டுவதாகச் சொன்னார். நாட்டரிசி நெல்லுக்கு என்ன விலை வருமென்று அவருக்கே தெரியவில்லை.

பெப்ரவரி 8, சனி

அரசாங்கம் கொள்வனவு விலையை அறிவித்திருக்கிறது. நாட்டரிசி நெல் கிலோ 120. அண்ணை போன் எடுத்துச் சொன்னார், குரல் தெளிவாக இருந்தது.

பெப்ரவரி 13, வியாழன்

காணிப் பதிவகத்தில் தோம்பு, அதாவது காணிப் பதிவேட்டின் பிரதி, எடுக்கக் கொடுத்தோம். நொத்தாரிசு உறுதியை ஆராய வேண்டும். ரீச்சரின் காணி அறுதி உறுதிக் காணி, முழு உரிமையும் அவவுக்கே, அதனால்தான் 42 இலட்சம் சொல்ல முடிகிறது. எங்கள் பக்கத்தில் அனேகம் பேமிற் காணி, அனுமதிப் பத்திரத்தோடு அரசாங்கம் கொடுத்தது, 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி குடியேற்றத் திட்டங்களில். காட்டை வெட்டி மூன்று தலைமுறையாக ஆண்டாலும் பேமிற்றை மட்டும் கொண்டுபோனால் வங்கி ஈட்டுக்கு எடுக்காது. பேமிற்றுக்கு அடுத்த படியான அளிப்புப் பத்திரம் இருந்தாலும் பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும், குறிப்பிட்ட நிறுவனங்களிடம் மட்டும்தான் ஈடு வைக்கலாம் என்று வரையறை. பதிவகத்தில் எனக்கு முன்னுக்கு நின்ற வட்டக்கச்சி அம்மா, பேமிற்றைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தா. இடம்பெயர்ந்த இடமெல்லாம் அதைத்தான் முதலில் தூக்கினாவாம். அவவின் கிறிப் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்தப் பேமிற்றை வைத்துக்கொண்டு 25 இலட்சம் எடுக்க முடியாது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பெப்ரவரி 20, வியாழன்

இரவு இவரும் நானும் கொப்பியில் கணக்குப் போட்டோம்.

25 இலட்சம், 12 வீதம், 15 வருசம்: மாதம் 30,004. முதல் மாதத் தவணையில் 25,000 வட்டிக்கே போய்விடும், கடன் தொகையில் குறைவது 5,000 சொச்சம். மொத்தம் 54 இலட்சம் கட்டுவோம். 20 வருசமாக இழுத்தால் மாதம் 27,500 அளவில்தான், ஆனால் மொத்தம் 66 இலட்சம். மாதம் 2,500 ரூபா மிச்சம் பிடிக்க 12 இலட்சம் கூடக் கொடுக்கிறோம். 15 வருசமே போதும் என்று இவர் கொப்பியில் கோடு கீறினார்.

வட்டி மாறும் கடனென்றால் 14 வீதத்துக்கு ஏறினால் 33,300. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் 7 வீதப் புள்ளி கூட்டினதை மறக்கவில்லை. எத்தனை வருசத்துக்கு வட்டி மாறாது என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

விலை 42. கடன் 25. கையில் 12. என்னுடைய ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) இல் பத்து வருசத்துக்கு மேல் கட்டியிருப்பதாலும் மீதி 3 இலட்சத்தைத் தாண்டியிருப்பதாலும் வீட்டுக்கென்று 30 வீதம் எடுக்கலாம். 2 இலட்சத்து 70 ஆயிரம் வரும். மிச்சத்துக்கு என் சங்கிலி. இவ்வளவும் போட்டு முடித்த பிறகுதான் முத்திரைத் தீர்வை நினைவு வந்தது. முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 1,67,000 ரூபா! அதற்கு மேல் நொத்தாரிசு கூலி. இரண்டு பேரும் கொப்பியை மூடாமலே நித்திரைக்குப் போனோம்.

மார்ச் 6, வியாழன்

புது அறிக்கை. குழுக்கடன் வரியில் முடிவடைந்தது என்று இருக்கிறது. ஓட்டோ லீசிங்கில் நிலுவை பூச்சியம், பிந்தின மாதங்கள் அப்படியே நிற்கின்றன. அவை இருக்கத்தான் செய்யும். புள்ளி ஏறியிருக்கிறது, நான் ஆசைப்பட்ட அளவுக்கு இல்லை. வங்கிப் பிள்ளை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "நிலுவை இல்லை, இது காணும் அக்கா" என்று விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டா.

சங்கத்தில் மத்தியானம் பிள்ளைகள் என் அறிக்கையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருத்தி போன மாதம் தமையனின் லீசிங்குக்குப் பிணை வைத்தவள். முகம் மாறிப்போனது. நாளைக்கே தானும் எடுக்கப் போகிறாளாம்.

மார்ச் 14, வெள்ளி

மதிப்பீட்டாளர் வந்து போனார். அவசரத்தில் விற்றால் எவ்வளவு போகும் என்ற பெறுமதியை வைத்துத்தான் வங்கி கடன் கொடுக்கும். எங்கள் பக்கத்துக் காணிக்கு அது சந்தை விலையிலிருந்து நல்லாய் இறங்கும். அவர் சுவரைத் தட்டினார், கூரை மரத்தை அண்ணாந்து பார்த்தார், நாடாவின் மறுநுனியை என்னிடம் தந்து வேலி மூலைக்கு நடக்கச் சொன்னார். முள்முருக்குப் பக்கத்தில் எல்லைக்கல் புல்லுக்குள் மறைந்து கிடந்தது. குனிந்து புல்லை விலக்கிவிட்டு, நாடாவை அதன் மேலே அழுத்திப் பிடித்தேன்.

"விடாதேங்கோ தங்கச்சி, எழுதட்டும்" என்று அங்கிருந்து சத்தம் வந்தது.