ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானுக்குக் கல்லூரி அணி அமைத்த அனுபவம்

ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் என்பது அரசுத் துறைகளும் நிறுவனங்களும் கொடுக்கும் பிரச்சினைகளுக்கு மாணவர் அணிகள் தீர்வு உருவாக்கிக் காட்டும் நாடுதழுவிய போட்டி. ஓர் அணிக்கு ஆறு பேர், எல்லாரும் ஒரே கல்லூரி, அதில் ஒருவராவது மாணவி. வழிகாட்டிகள் அதிகபட்சம் இரண்டு பேர். விதி இவ்வளவுதான். ஆனால் புதிதாக அணி சேர்க்கும் கல்லூரிகளில் கோடிங் தெரிந்த ஐந்து இறுதியாண்டுப் பையன்கள் கூடிவிட்டு, கடைசி நாளில் "ஒரு பொண்ணு வேணுமே" என்று வகுப்பு வாட்ஸாப் குழுவில் கேட்பார்கள். பெயருக்குச் சேர்த்த மாணவிக்கு வேலையும் கொடுப்பதில்லை. நடுவர் அவரிடமே கேள்வியைத் திருப்பும்போது அணி மாட்டிக்கொள்ளும்.

எங்களுக்குச் சரிவந்த கலவை இது: கோடிங்குக்கு இரண்டு பேர், திரை வடிவமைப்புக்கு ஒருவர், பிரச்சினையின் துறை தெரிந்தவர் ஒருவர் (வேளாண்மை என்றால் அந்தத் துறை மாணவர், பாலம் என்றால் சிவில்), பேசவும் ஸ்லைடு செய்யவும் ஒருவர், ஆறாவது ஆள் தலைவர். தலைவராக அணியின் சிறந்த கோடரைப் போடாதீர்கள். நடுவர் வந்து நிற்கும் நேரத்தில் அவர் ஒரு பிழையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். ஆறில் இரண்டு பேராவது இரண்டாம் ஆண்டாக இருந்தால்தான் அடுத்த ஆண்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கவேண்டாம்.

மாணவர்கள் நேரடியாகப் பதிவுசெய்ய முடியாது. கல்லூரியின் ஒருங்கிணைப்பாளர், எல்லாரும் 'ஸ்பாக்' என்று சொல்பவர், கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட கடிதத்தோடு போட்டியின் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். பிறகு கல்லூரிக்குள் ஒரு ஹேக்கத்தான் நடத்தி, தேறிய அணிகளை அவர் பரிந்துரைப்பார். ஸ்பாக் விடுப்பில் போனாலோ வேலை மாறினாலோ மொத்தமும் நின்றுவிடும். ஆண்டுத் தொடக்கத்திலேயே இன்னோர் ஆசிரியருக்கும் இந்த வேலை தெரிந்திருக்க வேண்டும். உள்சுற்றுக்கு நடுவராகத் துறைத்தலைவர்களை மட்டும் உட்காரவைத்தால் அவரவர் துறைப் பிள்ளைகள்தான் ஜெயிப்பார்கள். வெளியிலிருந்து ஒருவரையாவது அழையுங்கள்.

பிராப்ளம் ஸ்டேட்மென்ட், அதாவது பட்டியலில் இருந்து தீர்க்க எடுக்கும் பிரச்சினை, அதைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். சாட்பாட், டாஷ்போர்டு மாதிரித் தலைப்புகளில் கூட்டம் குவியும். எத்தனை யோசனைகள் வந்திருக்கின்றன என்று தளமே காட்டும், அதைப் பாருங்கள். கூட்டம் குறைந்தது என்பதற்காக மட்டும் எடுக்கவும் கூடாது. தரவு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத தலைப்பு அரைவழியில் கைவிரிக்கும்.

அனுப்பவேண்டியது கொடுக்கப்பட்ட வார்ப்புருவில் ஒரு பிடிஎஃப்: தலைப்பு, தீர்வு, தொழில்நுட்ப அணுகுமுறை, சாத்தியம், பயன், ஆய்வு ஆதாரங்கள். பலர் முதல் இரண்டையும் மெருகேற்றிவிட்டு 'சாத்தியம்' பக்கத்தில் நான்கு வரி எழுதி முடிப்பார்கள். இது எங்கே தோற்கும், தோற்றால் என்ன செய்வோம் என்பதை அங்கே வெளிப்படையாக எழுதுங்கள்.

மென்பொருள் இறுதிச்சுற்று 36 மணி நேரம், பெரும்பாலும் வேறு மாநிலத்தில். நூற்றுக்கணக்கான லேப்டாப் ஒரே வைஃபையில் தொங்கும் என்பதால் லைப்ரரிகள் (கோடிங்குக்கு வேண்டிய ஆயத்தத் தொகுப்புகள்), மாடல் கோப்புகள் எல்லாவற்றையும் ஊரிலேயே இறக்கிக்கொண்டு போகவேண்டும். எக்ஸ்டென்ஷன் போர்டு இரண்டு. வேலைசெய்யும் நிலையில் டெமோவை வீடியோவாக எடுத்து வைப்பதும் அவசியம். தூக்கத்துக்கு இரண்டிரண்டு பேராக முறை போடுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு யாரும் புதிய கோட் எதையும் இணைக்கக் கூடாது. ஓடிக்கொண்டிருந்ததும் அப்போதுதான் படுத்துவிடும்.

கல்லூரி செய்யவேண்டிய உதவி பெரும்பாலும் காகித வேலை. இறுதிச்சுற்று டிசம்பரில் வந்தால் செமஸ்டர் தேர்வோடு மோதும். தேர்வு அட்டவணை வெளியான அன்றே ஆறு பேரின் தாள்களையும் தேதிகளோடு ஒப்பிட்டு, மோதல் இருந்தால் துறைத்தலைவரிடம் சொல்லிவிடுங்கள். ஓ.டி. கடிதம் (கல்லூரி வேலையாகப் போனதால் வருகைப்பதிவு கேட்கும் கடிதம்) ஆறு பேருக்கும் சேர்த்து ஒன்றாகப் போகட்டும். தனித்தனியாகப் போனால் ஏதாவது ஒன்று மேசையில் கிடந்துபோகும். தேர்வான செய்தி வந்தபின் ரயிலில் இடம் கிடைப்பது கடினம், தட்கல்தான் கதி. அதன் முன்பதிவு ஏ.சி. வகுப்புக்கு முந்தைய நாள் காலை 10 மணிக்கும், ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் தொடங்கும். பணத்தை முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். "பில் கொண்டுவா, தருகிறோம்" என்றால் வசதியில்லாத பிள்ளை உடம்பு சரியில்லை என்று சொல்லி விலகிக்கொள்ளும்.

கோட் களஞ்சியம், அதாவது அணி எழுதிய கோட் எல்லாம் இணையத்தில் சேமித்திருக்கும் இடம், கல்லூரிக் கணக்கில் இருக்கட்டும். இறுதியாண்டு மாணவரின் சொந்த மெயிலில் கிடந்தால், அவர் வேலைக்குப் போன பிறகு கடவுச்சொல் கேட்டு அலையவேண்டிவரும்.