மூணாவது செல்

ஏப்ரல் 17, 2024
திங்யான், பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா, முடிந்தது. நாலு நாளாகத் தண்ணீரில் மிதந்த தெரு. இன்றைக்குக் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, நாலாம் மாடிக்கு ஆறு வாளி தூக்கினேன்.

ஏப்ரல் 19
இரவு 2:10. அம்மாவுக்கு இளைப்பு. மருந்தை ஆவிபோல் ஆக்கித் தரும் நெபுலைசர், இன்வர்ட்டரில் போட்டால் உறுமுகிறது. லைன் கரண்டில் இந்தச் சத்தம் கிடையாது. மலிவு இன்வர்ட்டர் கரண்டைப் படிப்படியாக வெட்டித்தான் தரும். மோட்டாருக்கு அது பிடிக்காது, சூடேறும். மூடியில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். அஞ்சாவது நிமிஷம் இன்வர்ட்டர் கீச்சிட்டு அணைந்தது. கிண்ணத்தில் மருந்து பாதி அப்படியே இருந்தது. விடியும் வரை விசிறினேன்.

ஏப்ரல் 20
பேட்டரியிலிருந்து சார்ஜரைக் கழற்றியவுடன் 12.9 வோல்ட். நம்பக்கூடாது, அது மேலோட்டச் சார்ஜ். நாலு மணி நேரம் கழித்து 12.4. நெபுலைசரைப் போட்டதும் 10.3. பேட்டரி விற்றவனை வாய்க்கு வந்தபடி வைதேன்.

ஏப்ரல் 21
தூக்கமில்லை.

ஏப்ரல் 22
பேட்டரியின் ஆறு மூடியையும் கழற்றி, அமிலத்தின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்த்தேன். ஐந்து செல்லில் 1.250. மூணாவதில் 1.120. அதில் மட்டும் தகடு அமிலத்துக்கு மேலே துருத்திக்கொண்டு, ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருக்கிறது.

மாசியில் டிஸ்டில்ட் வாட்டர் தீர்ந்துபோய், அந்தச் செல்லுக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றியது யார்? நான்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஏப்ரல் 24
இரவு 11 மணிக்குக் கீழே பிள்ளைகள் "மீ லா பீ!" என்று கத்தின, கரண்ட் வந்துவிட்டதாம். தெருவே எழுந்து அரிசி களைகிறது. நான் முதலில் சார்ஜரை மாட்டினேன். "தம்பி, முதல்ல ஃபேனைப் போடுப்பா" என்றார் அம்மா.

ஏப்ரல் 26
கரண்ட் இல்லாமலே மருந்து இழுக்க டாக்டரம்மா சொன்ன வழி. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். பஃப் மருந்தின், அதாவது இன்ஹேலரின், வாய் அளவுக்குக் கம்பியை வளைத்து, அடுப்பில் காய்ச்சி, பாட்டிலின் அடியில் அழுத்தினேன். வெண்ணெய் மாதிரி இறங்கியது. முதல் பாட்டிலில் ஓட்டை பெரிசாகிவிட்டது. இரண்டாவது கச்சிதம். இடுக்கைப் பசை டேப்பால் அடைத்தேன். அந்தப் பக்கம் மருந்தை அழுத்த, அம்மா பாட்டில் வாயில் வாய் வைத்து மெதுவாக இழுக்க வேண்டும்.

"சோடா குடிக்கிற மாதிரி இருக்குடா."

ஏப்ரல் 27
இரவு இரண்டு தடவை பாட்டில். உறுமல் இல்லை. அம்மா தூங்குகிறார். எனக்குத்தான் காது அந்தச் சத்தத்தையே தேடுகிறது.

ஏப்ரல் 29
பேட்டரியைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறாள் இவள். சரி என்றேன்.

அவள் கடைக்குப் போனதும் மூடியைத் திறந்தேன். மூணாவது, 1.120.